போன் பண்ணேன் சார்

அந்த அம்மா எங்கள் ஆபீஸில் பதினேழு சாயங்காலங்கள் உட்கார்ந்திருந்தார். ஷூ கம்பெனி பஸ் பைபாஸ் முனையில் இறக்கிவிட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்துவிடுவார். ஐந்தே முக்காலுக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். என் டைப் மேஜைக்கு எதிரே கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில், சுவரோரமாக, சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். கம்பெனியில் அவருக்குத் தோலில் பசை தடவி ஒட்டுகிற வேலை. அந்தப் பசையைச் சொல்யூஷன் என்பார்கள். அது அவருடைய விரல் நுனிகளில் காய்ந்து மெல்லிய தாள் போல ஒட்டியிருக்கும். உட்கார்ந்தவுடன் அதை ஒவ்வொரு விரலாக உரிக்க ஆரம்பிப்பார். உரித்ததைத் தரையில் போடமாட்டார். சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக் கூடைக்குள் போட்டுக்கொள்வார். ஆபீஸைக் கூட்டுவது நான்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கேட்டது ஒன்றுதான். கட்டிய ஃபீஸ் பதினெட்டாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள், கேஸ் கட்டையும் கொடுங்கள், நான் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன். சார் சொன்னதும் ஒன்றுதான். நீ வராமல் கேஸ் போனதற்கு நான் பொறுப்பில்லை. பாக்கிப் பன்னிரண்டாயிரத்தைக் கட்டிவிட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போ. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது, இருவருக்கும் நடுவே உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்த நான்.

ஆம்பூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் சாருடைய ஆபீஸ். அங்கே நான் சேர்ந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. டைப் அடிப்பது, வாய்தா தேதிகளை டைரியில் குறிப்பது, கட்சிக்காரர்களுக்குப் போன் செய்வது எல்லாம் என் வேலை. என் கணவர் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோய் அந்த வருடம் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். வீட்டு வாடகையும் பையனுடைய பால்வாடிச் செலவும் என் சம்பளத்தில்தான் ஓடின.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டென்று கோபம் வரும், சட்டென்று போய்விடும். ஏழைப்பட்டவர்களிடம் கம்மியாகத்தான் வாங்குவார். இவ்வளவு என்று வாயால் பேசுவார், கட்சிக்காரர் கொடுக்கிறபோது கொடுப்பார், சார் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். ரசீது என்று ஒன்று எங்கள் ஆபீஸில் கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை. ஃபீஸைப் பற்றிப் பேசுவதே இரண்டு பக்கமும் கொஞ்சம் கூச்சமான விஷயமாக இருந்தது. அந்தக் கூச்சம்தான் பின்னால் பெரிய தகராறாக வந்து நின்றது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அம்மாவின் கேஸ் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு சென்ட் இடத்தைப் பற்றியது. அதில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு. கணவர் இறந்து காரியம் முடிந்த கையோடு, கணவருடைய அண்ணன் மகன் அந்த இடம் தன் அப்பாவுடையது என்று கேஸ் போட்டான். அந்த அம்மா பிரதிவாதி. மொத்தம் முப்பதாயிரம் என்று சார் பேசினார். ஐந்து வருடத்தில் பதினெட்டாயிரம் கட்டியிருந்தார். தீபாவளி போனஸ் வந்தால் அதிலிருந்து மூவாயிரம், பி.எஃப். முன்பணம் எடுத்தபோது ஐயாயிரம், மற்றபடி ஐந்நூறும் ஆயிரமுமாக. எந்த மாதம் எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தேதி மறந்தாலும் அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்பதை வைத்துச் சொல்லிவிடுவார்.

கேஸ் அவருடைய சாட்சியத்துக்கு வந்து நின்றது. ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை தள்ளிப்போனதால், அடுத்த வாய்தாதான் கடைசி வாய்ப்பு என்று நீதிபதி சொல்லிவிட்டார். அந்த வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் சாருக்கு வேலூர் கோர்ட்டில் ஒரு அவசர வேலை வந்தது. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்.

"அந்த பேஸ்டிங் அம்மாவுக்கு போன் பண்ணிடு. காலைல பத்தரைக்கெல்லாம் கோர்ட்டுல இருக்கச் சொல்லு. நான் வேலூர்ல இருந்து வர மதியம் ஆயிடும். கேஸைக் கூப்பிட்டா, வக்கீல் வந்துட்டு இருக்காருன்னு அந்தம்மாவையே சொல்லச் சொல்லு. மறந்துடாத."

சரி சார் என்றேன். போனைக் கையில் எடுத்தேன். அதே நேரத்தில் எனக்குப் போன் வந்தது. பையனுக்கு ஜுரம் ஏறி உடம்பு தூக்கிப்போடுகிறது என்று என் அம்மா அழுதார். பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, குழந்தை கண் திறந்து என்னைப் பார்க்கும் வரைக்கும் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. மறுநாள் லீவும் கேட்காமல் பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தேன். அப்போதும் நினைவு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குமேல் குமாஸ்தா கோர்ட்டிலிருந்து வந்து சொன்னார். கேஸைக் கூப்பிட்டபோது பார்ட்டியும் இல்லை, வக்கீலும் இல்லை. எக்ஸ்-பார்ட்டி. வந்திருந்த ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு. இடம் அண்ணன் மகனுக்கு. பள்ளிகொண்டா பக்கம் ஒரு லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டதால் சார் இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். கோட்டைக் கழற்றாமலே என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"அந்தம்மாவுக்கு போன் பண்ணியா இல்லியா?"

"போன் பண்ணேன் சார்."

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. சொல்லி முடித்த அடுத்த நொடியே திருத்தியிருக்கலாம். சார் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "ஒரு நாள் சம்பளம் போவும்னு வராம இருந்திருப்பா. இப்ப வீடே போச்சு" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத் தனியாக மறுபடி சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாக இருந்தது.

அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிய எட்டு நாள் ஆயிற்று. அண்ணன் மகனே வீட்டு வாசலில் வந்து நின்று, எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"ஏம்மா, போன் பண்ணாங்களே, ஏன் வரலை?" என்றார் சார்.

"எனக்கு ஒரு போனும் வரல சார்."

"எங்க ஆபீஸ் பொண்ணு பண்ணியிருக்கு."

அந்த அம்மா கூடையிலிருந்து பட்டன் போனை எடுத்து நீட்டினார். "இதுல பாருங்க சார். அன்னிக்கும் வரல, முந்தின நாளும் வரல. கம்பெனிக்குள்ள போனு எடுத்துட்டுப் போவக் கூடாது, கேட்டாண்ட குடுத்துட்டுப் போவோம். சாயந்திரம் வாங்கிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"அழிச்சிருப்பே" என்றார் சார். அதைச் சொன்னவுடன் அவருக்கே அது தப்பாகப் பட்டிருக்க வேண்டும்; குரலை இறக்கி, தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி முப்பது நாளுக்குள் மனு போடலாம், அதற்குத் தனியாகச் செலவாகும் என்றார். அந்த அம்மா நின்றபடியே கேட்டார். "தப்பு பண்ணது நீங்க. அதுக்கும் நானே காசு குடுக்கணுமா? இது இன்னா நாயம் சார்?"

அங்கேதான் முறுக்கிக்கொண்டது. சார் பாக்கியைக் கேட்டார். அந்த அம்மா கட்டினதைத் திருப்பிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. எனக்கு போன் பண்ணியா?"

நான் டைப் இயந்திரத்தில் மாட்டியிருந்த தாளைப் பார்த்தேன். தலையை ஆட்டினேனா, குனிந்தேனா என்று எனக்கே தெரியாத ஓர் அசைவு. அந்த அம்மா என்னைச் சிறிது நேரம் பார்த்தார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். வேறு இரண்டு வக்கீல்களைப் போய்ப் பார்த்திருக்கிறார். கேஸ் கட்டும், சார் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் இல்லாமல் தொடமாட்டோம் என்றார்களாம். கூச்சல் போடமாட்டார். ஆனால் புதிதாக யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும், என்ன கேஸ் என்று விசாரித்துவிட்டு, தன் கதையையும் சொல்வார். "பதினெட்டாயிரம் குடுத்தேன்மா. ஒரு துண்டு சீட்டு இல்ல. நீ குடுத்தா சீட்டு வாங்கிக்கோ." இரண்டு பேர் அப்படியே எழுந்து போனதை நான் பார்த்தேன். சார் அறைக்கதவைச் சாத்தி வைக்க ஆரம்பித்தார். போலீஸில் சொல்லட்டுமா என்று குமாஸ்தா கேட்டதற்கு மட்டும், "பொம்பளை தனியா வந்து உக்காந்திருக்கு, அதுக்குப் போலீஸா? சும்மா இரு" என்று அதட்டினார்.

என்னிடம் அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. யார் மூலமோ கேள்விப்பட்டு, "புள்ளைக்கு ஜொரம் வந்துச்சாமே, இப்ப தேவலையா?" என்று கேட்டார். ஒரு நாள் கம்பெனியில் கொடுத்த கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து பையனுக்குக் கொடு என்றார். வாங்கி டிராயருக்குள் வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகக் கை வரவில்லை. கணவரிடம் சொன்னேன். அவர், "இப்ப சொன்னா வேலை போயிடும். என்னோடது இருக்கற லட்சணத்துல உன்னோடதும் போனா இன்னா பண்றது? சாரே எப்படியாவது மனு போட்டுடுவாரு, வுடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை வாசித்தோம். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வரிகள். என் பக்கத்தில் நின்றவர்களுக்கு என் குரல் கேட்டிருக்காது. உதடு மட்டும் அசைந்தது.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தீர்ப்பு நாளிலிருந்து முப்பது நாளை நான் தினமும் எண்ணிப் பார்த்தேன். மனு போடுகிற வழியைக் காணோம். சார் தானாகப் போட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவருக்கு வீம்பு. இந்த அம்மா மறுபடியும் பணம் கொடுத்தால், தான் வராததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இவருக்கு ரோஷம். பன்னிரண்டாயிரமும் பதினெட்டாயிரமும் என்று வாயால் சொன்னார்களே தவிர, இருவருக்கும் வேண்டியிருந்தது 'நீ பொய் சொல்லவில்லை' என்ற ஒரு வார்த்தை. அதைக் கொடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

பதினேழாவது சாயங்காலம் சார் கோர்ட்டிலிருந்து இன்னும் வரவில்லை. அந்த அம்மா பெஞ்சில் உட்காராமல் நேராக என் மேஜைக்கு வந்தார். கூடையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து வைத்தார். கோடு போடாத தாளில் நீல மையில் குண்டு குண்டான எழுத்து. பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கிற பெண்ணிடம் சொல்லி எழுதி வாங்கியதாம்.

"இத டைப் பண்ணிக் குடு. எவ்ளோ ஆவும்னு சொல்லு, குடுத்துடறேன்."

மேலே பார் கவுன்சிலுக்கு என்று இருந்தது. சார் மேல் புகார்.

"அம்மா, இது சார் மேல எழுதினது. நான் எப்படிம்மா..."

"தெரியும். அதான் உன்னாண்ட குடுக்கறேன். வெளியில குடுத்தா திருட்டுத்தனமாப் பண்ண மாதிரி ஆயிடும். அவரும் தெரிஞ்சுக்கட்டும். ஒளிச்சு பண்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல."

என்ன துணிச்சலில் தாளைச் சொருகினேன் என்று தெரியவில்லை. அந்த அம்மா போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் பக்கம் இடத்தைப் பற்றி, கணவரைப் பற்றி. இரண்டாவது பக்கம் கட்டிய பணம். மூன்றாவது பக்கத்தில், எனக்கு போன் செய்யச் சொன்னதாக வக்கீல் கூறுவது பொய் என்று இருந்தது. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: 'ஆபீசில் வேலை செய்யும் பெண் நல்ல பெண். வக்கீலுக்குப் பயந்து வாய் திறக்காமல் இருக்கிறாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால் உண்மையைச் சொல்லுவாள். அவள் வேலைக்கு எந்தக் கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

'நல்ல பெண்' என்பது வரைக்கும்தான் டைப் அடித்தேன். அதற்குமேல் எழுத்து தெரியவில்லை. பதினேழு நாளாக நான் குனிந்து உட்கார்ந்திருந்ததற்கு அந்த அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். என்மேல் ஒரு பழியும் வராத மாதிரியான காரணம்.

அப்போது சார் மாடியேறி வந்து, வழக்கம்போல் பெஞ்சுப் பக்கம் பார்க்காமல் அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். கதவைச் சாத்தக்கூட இல்லை.

"சார், அந்த அம்மாவுக்கு நான் போன் பண்ணல. அன்னிக்குப் புள்ளைக்கு உடம்பு தூக்கிப்போட்டுச்சு, ஓடிட்டேன். மறந்துட்டேன். நீங்க கேட்டப்போ பயத்துல பண்ணேன்னு சொல்லிட்டேன்."

சார் கோட்டின் ஒரு கையைக் கழற்றிய நிலையில் அப்படியே நின்றார். கத்துவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டிக் கதவு வழியாகத் தெரிந்த பெஞ்சைப் பார்த்தார்.

"தீர்ப்பாகி எத்தன நாள் ஆச்சு?"

"இன்னியோட இருபத்தெட்டு சார்." எண்ண வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு நாள் இருக்கு" என்றார். கழற்றின கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தப் பதினேழு நாளில் முதல் தடவையாக அந்த அம்மாவின் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்களுக்குப் போன் வரல. நீங்க சொன்னதுதான் நெசம். தப்பு எங்க பக்கம். உங்களப் பொய்க்காரி மாதிரி பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க."

நீ என்று பேசிக்கொண்டிருந்தவர் நீங்க என்று பேசினார். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "இத அன்னிக்கே கேட்டேனே சார். இங்கயேதானே உக்காந்திருந்தேன்."

"நாந்தாம்மா" என்றேன் நான். "சார் பண்ணச் சொன்னாரு. நாந்தான் மறந்துட்டேன். மறந்ததையும் மறைச்சுட்டேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீயா? அவரு உன்ன மெரட்டி வச்சிருக்காருன்னு இல்ல நான் நெனச்சேன்." விரலில் ஒட்டியிருந்த சொல்யூஷனை உரித்துக்கொண்டே, "மறக்கறது இருக்கட்டும், யாருக்கும் வரும். புள்ளைக்கு ஜொரம்னா எனக்கும் ஒண்ணும் ஓடாது. அதுக்கப்புறம் தெனம் என் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தியே, அது எப்படிம்மா உன்னால முடிஞ்சுது?" என்றார்.

அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்லாததே சரி என்றும் தோன்றியது.

பிறகு சாரிடம் திரும்பினார். "அவ போன் பண்ணல, சரி. ஆனா கடைசி வாய்ப்புன்னு தெரிஞ்சும், இன்னொரு வக்கீல நிக்கச் சொல்லிட்டு நீங்க போயிருக்கலாம்ல சார்?"

"போயிருக்கலாம்" என்றார் சார். "அது என் தப்பு."

அந்த ஒரு வார்த்தையோடு பதினேழு நாளாக அந்த அறையில் நின்றிருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது. பதினெட்டாயிரத்தையும் இப்போதே திருப்பிக் கொடுக்கிறேன், கட்டையும் தருகிறேன், விருப்பப்பட்டவரிடம் போகலாம். இங்கேயே இருந்தால், இந்த மனுவுக்கு ஒரு பைசா வேண்டாம் என்றார் சார். அந்த அம்மா கூடையின் கைப்பிடியை நெருடிக்கொண்டே யோசித்தார்.

"நீங்களே நடத்துங்க. அஞ்சு வருஷமா உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். ஆனா குடுத்த பதினெட்டுக்கும் எனக்கு ரசீது வேணும். இனிமே குடுக்கறதுக்கும் வேணும்."

சார் தன்னுடைய பெயர் அச்சடித்த தாளை எடுத்து, நோட்டைப் பார்த்து, அவர் கையாலேயே எழுதினார். இரண்டு இடத்தில் நோட்டில் விட்டுப்போயிருந்ததை அந்த அம்மா சொல்லிச் சேர்த்தார். கணவரின் வருஷத் திதிக்கு மறுநாள் கொடுத்த ஐந்நூறு, மழையில் பஸ் வராமல் நடந்தே வந்து கொடுத்த ஆயிரம். சார் மறுபேச்சில்லாமல் எழுதினார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த அம்மா சொன்ன பதினெட்டாயிரம் சரியாக வந்தது. சார் அதுவரை நோட்டைக் கூட்டிப் பார்க்காமல், அந்த அம்மா சொன்ன கணக்கை வைத்தே பாக்கி கேட்டிருந்தார்; நோட்டில்தான் குறைவாக இருந்தது. அவர் முகம் சிவந்துபோனதைப் பார்த்தேன். என் இயந்திரத்தில் பாதி அடித்து நின்ற புகாரை உருவி, கையால் எழுதியதோடு சேர்த்து மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டார் அந்த அம்மா. "இது என்னாண்டயே இருக்கட்டும்" என்றார். சார் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

உடனே சார் மனுவுக்கான அபிடவிட்டைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'எனது அலுவலக உதவியாளர் மறதியால் தகவல் தெரிவிக்கத் தவறியதாலும், நானும் உரிய மாற்று ஏற்பாடு செய்யாததாலும், பிரதிவாதியின் தவறு ஏதுமின்றி' என்று சொல்லிவிட்டு நிறுத்தி, என்னைப் பார்த்தார். "அடி" என்றார். அடித்தேன். என் குற்றத்தை நானே எழுத்தெழுத்தாகத் தட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாக, இறுகக் கட்டின கட்டை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை என்று சார் சொன்னார்.

மறுநாள் மனு தாக்கலாயிற்று. இரண்டு மூன்று வாய்தாவுக்குப் பிறகு, எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகையாக இரண்டாயிரம் கட்டச் சொல்லி, தீர்ப்பை ரத்து செய்தார்கள். சார் கட்டினார். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அந்த ரெண்டாயிரத்துல ஆயிரம் உன் கணக்கு. மாசம் எரநூத்தம்பது பிடிச்சுக்கறேன், நாலு மாசம்."

நாலு மாசம் என்று சொன்னாரே, அதில் நான் அழுதேவிட்டேன். அடுத்த நாலு மாதமும் எனக்கு அங்கே சம்பளம் உண்டு என்று அர்த்தம். சம்பளத்தைப் பிடிக்கிறேன் என்றதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இனிமே எதுவா இருந்தாலும் அன்னிக்கே சொல்லிடு. நான் கத்துவேன். கத்திட்டுப் போறேன். அவ்ளோதானே" என்றார்.

அந்த அம்மா கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன நாளில் நானும் கோர்ட்டில் இருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எப்படிக் கேட்டாலும் தடுமாறவில்லை. அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. அண்ணன் மகன் போட்ட கேஸ் தள்ளுபடி. அன்றே பாக்கிப் பன்னிரண்டாயிரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வேண்டாம், பாதி போதும் என்றார் சார். "பேசினது பேசினதுதான் சார். வேலைய முடிச்சுட்டீங்க, வாங்கிக்கங்க. நாளைக்கு நான் ஏமாத்திட்டேன்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு ரசீதுக்காகக் கையை நீட்டினார். அதற்குள் நாங்கள் ரசீதுப் புத்தகமே அச்சடித்திருந்தோம்.

இப்போது சார் கோர்ட்டுக்குப் போவதில்லை. அவருடைய மகள் அதே அறையில் தொழில் செய்கிறார். எவ்வளவு ஃபீஸ், எப்போது எவ்வளவு, எதற்கெல்லாம் தனி என்று முதல் நாளே எழுதி, கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். வாய்தா தேதி கட்சிக்காரர் செல்போனுக்கே வந்துவிடுகிறது. தகராறு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபீஸுக்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, எங்கள் பக்கம் தாமதமாகி அதற்காகப் பேச்சு வாங்குவதும் உண்டு. யாராவது குரலை உயர்த்தினால் நான் முதலில் எழுந்து, எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வருகிறேன். பெரும்பாலும் அதிலேயே பாதி தணிந்துவிடுகிறது.

தீர்ப்பு வந்த மாதத்தில் ஒரு நாள் அந்த அம்மா படியிறங்கும்போது திரும்பி, "ஞாத்திக்கெழம புள்ளைய இட்டுக்கினு வீட்டுக்கு வா" என்றார். நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அதுவரை அவர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. உன்மேல் கோபம் போய்விட்டது என்று சொன்னதும் இல்லை. சர்ச் முடிந்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பாலாற்றைத் தாண்டிப் போனேன். அந்த இடத்தின் நான்கு எல்லைகளை எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். வடக்கே தெரு, கிழக்கே பொதுக் கால்வாய், தெற்கேயும் மேற்கேயும் இன்னார் வீட்டுச் சுவர். கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. வாசலில் ஒரு முருங்கை. உள் அறைச் சுவர் பாதி மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தது. மீதிக்கு அடுத்த போனஸ் வரட்டும் என்றார்.

களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். பையனுக்குத் தனியாக முட்டை. அவன் கால்வாய் ஓரம் விளையாடப் போய்விட்டான். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தேன். வெளியே யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். மின்விசிறி மெல்லச் சுற்றியது. சுவரில் முதுகைச் சாய்த்தது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது நான் பாயில் நீட்டிப் படுத்திருந்தேன். தலைக்கடியில் ஒரு தலையணை இருந்தது. வெயில் முகத்தில் படாமல் இருக்கக் கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தார்கள். மணி நாலரை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் தூங்கியிருக்கிறேன். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து வெளியே வந்தேன். அந்த அம்மா முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து பையனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எழுப்பியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நல்லா தூங்கினு இருந்தே" என்றார். "எதுக்கு எழுப்பணும்?"